மேலே இருந்த ஃபைல்

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள் அந்தப் பெண். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவள். பழைய ஃபைல்களைப் புதிய சேமிப்பகத்துக்கு மாற்றுகிறோம், எது வேண்டும் எது வேண்டாம் என்று பொறுக்கிக் கொடுக்க உங்களை விட்டால் ஆளில்லை என்று அவள் போன் செய்தபோது, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றேன். காலையிலிருந்து கதையளப்புதான். இந்தக் கட்டட ஆய்வு அலுவலகமே என் சுண்டுவிரலில் நின்றது என்றேன். நான் லீவு போட்டால் ஊரில் ஒரு செங்கல் அசையாது என்றேன். முக்கால்வாசி புளுகு என்று தெரிந்தே சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குச் சிரிப்பு நின்றது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம்: எழுதிய ஃபைலின் மேலேயே திருத்தி எழுதக் கூடாது. எப்போதோ ஓர் அறிக்கை அப்படி அழிந்து, எல்லோரும் படாத பாடு பட்டதில் வந்த வழக்கம். ஒரு கமா மாறினாலும் புது ஃபைல். எங்கள் இன்ஜினியரோ வாழ்த்து அட்டையில்கூடப் பிழை திருத்துகிறவர்; ‘சிவப்பு மை’ என்பது நான் வைத்த பெயர். ஒரே ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பதினொரு ஃபைல். ‘தொட்டி’, ‘தொட்டி கடைசி’, ‘தொட்டி நிஜமாகவே கடைசி’ என்று போய், ‘தொட்டி சத்தியமாகக் கடைசி’யில் முடியும். பெயரெல்லாம் என் குறும்பு. அனுப்பும்போது பெயரைப் பார்ப்பதில்லை. பட்டியலில் மேலே இருப்பது புதியது. அதைப் பிடித்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இருபது வருடம் தப்பவே இல்லை.

“சார், உங்க கடைசி ஆறு மாசம் இந்த மெஷின்தானே?”

ஆமாம் என்றேன்.

“இதுல பழசுதான் மேல இருக்கு. நீங்க கவனிக்கலையா?”

அனுப்பியதையும் திறந்து காட்டினாள். போனது ‘தொட்டி’. சிவப்பு மை மேலே ஏறிப் பார்ப்பதற்கு முன்பே, முந்தைய அறிக்கையைப் பார்த்து நான் அடித்து வைத்த வரைவு. “தொட்டி நல்ல நிலையில் உள்ளது. முழு அளவு நிரப்பலாம்.” பதினோராவதில் அவர் எழுதியிருந்தார்: “தாங்கும் தூண் ஒன்றில் ஆழமான விரிசல். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆறு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் தொட்டிக்கு நேர் கீழ் வீட்டைக் காலி செய்யவும்.”

அறிக்கை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“இதே மாதிரி இன்னும் நாப்பது இருக்கு சார்,” என்றாள் மெதுவாக.

நாற்பதும் என் காதில் ஏறவில்லை. அந்தக் கீழ் வீட்டில் இருப்பது என் மகள். கட்டடத்தின் ஜாதகமே என் கையால் போனது, இடி விழுந்தாலும் அசையாது என்று அளந்து, நானே குடிவைத்தேன். காற்று, வெளிச்சம், தலைக்கு மேல் தண்ணீர், வேறென்ன வேண்டும் என்றேன்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அந்தப் பெண் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் மகளைக் கூப்பிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே கீழே இறங்கு, மேலே தொட்டி தாங்காது என்றேன். இவ்வளவு சுருக்கமாக நான் வாழ்நாளில் பேசியதில்லை.

அவள் சிரித்தாள். “அப்பா, போன மாசம் கேஸ் லீக்குன்னு ஆறு மாடி ஓட வச்சுட்டு, கீழ கேக்கோட நின்னீங்களே. இந்தத் தடவ என்ன?”

“சத்தியமா சொல்றேன்மா.”

“அன்னைக்கும் சத்தியம்தான் பண்ணீங்க. இப்பதான் குழந்தை தூங்குது. மேல தொட்டிய கழுவிட்டு தண்ணி ஏத்துறாங்க, காலைலேருந்து மோட்டார் சத்தம், தொட்டி நிறைஞ்சாதான் நிக்கும். விடுங்கப்பா.”

வைத்துவிடாதே, ஒரு ஃபைல் அனுப்புகிறேன், அதை மட்டும் படி என்று கெஞ்சினேன். அந்தப் பெண் பட்டியலை அடிவரை இறக்கினாள். பெயரை இரண்டு முறை படித்தேன். திறந்து விரிசலையும் படித்தேன். அனுப்பினேன்.

“வந்திருக்கு,” என்றாள் மகள். பிறகு, “என்னப்பா பேரு இது, சத்தியமாகக் கடைசியா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். “இருங்க, அடுப்ப அணைச்சுட்டு வந்து படிக்கிறேன்.”

போனை எதன்மேலோ வைத்தாள். அவள் காலடி தள்ளிப் போனது. பின்னால் மோட்டார் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. திரையில், அனுப்பிய ஃபைலின் பக்கத்தில், படித்ததற்கான அடையாளம் இன்னும் வரவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மோட்டார் நின்றது.