வேட்டுக்கு அசையாத குட்டி

வீரையாவின் நாய்க்குட்டிகளைப் பற்றித்தான் ஆத்தங்குடிப் பக்கத்தில் ஒரே பேச்சு. கல்யாண வீட்டில் காது கிழிய வேட்டுப் போட்டாலும் அவை அசையாதாம். பால்வெள்ளை நிறம், ரோஜா மூக்கு, எதற்கும் அஞ்சாத நெஞ்சு. கானாடுகாத்தான் பெரிய வீடுகளிலிருந்து வண்டி அனுப்பி வாங்கிப்போனார்கள். ஆண்கள் ரங்கோனில் இருக்க, பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு காவல் வேண்டாமா?

முத்தழகுக்கு மட்டும் அதில் மனசு ஒப்பவில்லை. பிறந்த வீட்டில் வேட்டை நாய்களோடு வளர்ந்தவள். இடி இடித்தால் எப்பேர்ப்பட்ட நாயும் காதையாவது மடக்கும். அதைக்கூடச் செய்யாத குட்டிக்கு அப்படி என்ன நெஞ்சு? உலை வைக்கும்போதும் களை எடுக்கும்போதும் இதே யோசனைதான்.

அந்த நேரம் பார்த்து வீரையாவே வந்து நின்றான். அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன்.

"மதினி, ஒங்க செவலைக் கடுவன் நாயை எங்க வெள்ளச்சிக்கு விடுங்க. பருவத்துக்கு வந்திருக்கு. இம்புட்டு நாளும் அது மகனையேதான் சேத்தேன். போன ஈத்துல பாதிக் குட்டி தங்கல."

கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். புருஷன் பெரியகருப்பன் ஒரே போடாகப் போட்டான்.

"குடுக்காத. ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டி போட வச்சு அந்தப் பொட்டைய எலும்பும் தோலுமாக்கிட்டான். நாம நாயும் குடுத்து புத்தியும் சொன்னா இன்னும் தெம்பா விப்பான்."

"குடுக்காட்டி மறுபடியும் மகனோடதான் சேப்பாக. அது மட்டும் நல்லதாக்கும்?"

பெரியகருப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனான்.

மறுநாள் காலையில் முத்தழகு வீரையாவின் தொழுவத்துக்குப் போனாள். வைக்கோலில் போன ஈத்துக் குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வெள்ளச்சி, எலும்பை எண்ணிவிடலாம் போல. முத்தழகு கையோடு கொண்டுபோயிருந்த பித்தளைத் தட்டைக் கல்தரையில் நழுவவிட்டாள். வெள்ளச்சி துள்ளி எழுந்தது. காதில் பழுப்புத் திட்டு இருந்த ஒரு குட்டி மட்டும் தலையைத் தூக்கியது. மற்றவையெல்லாம் அப்படியே கிடந்தன.

"கொழுந்தனாரே, இது நெஞ்சுரம் இல்ல. ஒரே ரத்தத்துலயே சேத்துச் சேத்து இதுகளுக்குக் காது கேக்கல."

வீரையா சிரித்தான். தட்டை எடுத்துத் தானே குட்டிகளின் தலைமாட்டில் தட்டினான். இன்னும் பலமாகத் தட்டினான். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பாவி மனுஷனுக்கு நிஜமாகவே தெரியாது. அது அவளுக்கு இன்னும் வியப்பாக இருந்தது.

"இதுல கடைசியா யாருக்குக் குடுத்தீக?"

"கண்ணம்மை ஆச்சிக்கு. அம்மாம் பெரிய வீட்டுல ஆச்சியும் ஒரு வேலைக்காரியுந்தான்."

"திருடன் சொவரேறிக் குதிச்சாக்கூட அதுக்குத் தெரியாது. மொதல்ல அங்க போயிச் சொல்லுங்க. செவலையப் பத்திப் பெறகு பேசலாம்."

நெளிந்தான், வயலில் வேலை என்றான், கால் வலி என்றான். முத்தழகு விடவில்லை, கூடவே கிளம்பிவிட்டாள்.

கண்ணம்மை ஆச்சி வீரையா சொன்னதை முழுவதும் கேட்டாள். காலடியில் படுத்திருந்த நாய் அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியும். வந்த கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு. வாசக் காவலுக்கு ஒரு ஆளைப் போட்டுட்டேன்."

"அப்பத் திருப்பி அனுப்பியிருக்கலாமே ஆச்சி?" என்றாள் முத்தழகு.

"நான் பேசுனா இது என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. இந்த வீட்டுல வேற யாரு பாக்குறா."

முத்தழகு குனிந்து அந்த நாயின் தலையைத் தடவினாள். வணக்கம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெரு திரும்பியதும் வீரையாவின் முகத்தில் வெளிச்சம்.

"பாத்தீகளா மதினி, செவிட்டுக் குட்டிக்கும் ஆளு இருக்கு."

ஆச்சி சொன்னதில் இவன் காதில் விழுந்தது அவ்வளவுதான். முத்தழகுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"செவலை ஒங்க வீட்டுக்கு வராது. வெள்ளச்சிய எங்க வீட்டுக்கு ஓட்டியாங்க. தின்னு தேறட்டும், ஒரு பருவம் சும்மா கெடக்கட்டும். சேக்குறதும் குட்டி போடுறதும் எங்க தொழுவத்துல. எந்தக் குட்டி எங்க போகணுங்கிறதையும் நாந்தான் சொல்லுவேன்."

"அப்ப எனக்கு?"

"சம்மதம் இல்லாட்டி விடுங்க. கானாடுகாத்தான்ல வீடு வீடா ஏறித் தட்டைப் போட்டுக் காட்டிட்டு வாரேன்."

வீரையா பொழுது சாயுமுன் வெள்ளச்சியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து, கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். வெள்ளச்சி அவன் போன திக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு முத்தழகு வைத்த கஞ்சியில் வாயை வைத்தது.

பெரியகருப்பன் வாசலில் நின்று பார்த்தான்.

"புத்தி சொல்லித் திருத்திட்டியாக்கும்?"

"அவுகளத் திருத்த அவுக ஆத்தாளாலயே ஆகல," என்றாள் முத்தழகு. "நான் நாயை வாங்கிட்டேன்."