தொப்பி மாற்றிய நண்டுகள்

மூன்று வாரமாக நான் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டிய புத்தகத்தின் ஏழாம் பக்கம் கிழியக் கிழிய மூன்று முறை ஒட்டியிருந்தோம். அந்தப் பக்கத்தில் சங்கு நண்டு வளர்ந்துவிட்டது. பழைய சங்குக்குள் அடங்காமல் பாதி உடம்பு வெளியே பிதுங்கி நிற்கிறது. பதினான்கு குழந்தைகளும் அந்தப் படத்தைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். அதுவரை பக்கத்தைத் திருப்ப விடமாட்டார்கள்.

அந்த வாரம் முழுவதையும் அந்த ஒரு புத்தகத்தை வைத்தே நடத்தச் சொன்னார் ரேலீன். எங்கள் பாலர் பள்ளி அவர் பொறுப்பில் இருந்தது.

"டாம்சின், ஆறு வாரமா பாக்கறேன். குழந்தைங்ககிட்ட நல்லாப் பேசற. பெரியவங்க யாராவது வந்தா மட்டும் பெயின்ட் டப்பா கழுவ ஓடிடற. இந்த வாரம் நீயே நடத்து. இருக்கறியா போறியான்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

நான் கடல் உயிரியல் படித்தவள். எங்கள் ஊரில் கடல் இருந்தது, அதில் வேலை இல்லை. வேறு ஏதாவது கிடைக்கும்வரை என்றுதான் இங்கே வந்தேன். மூன்றாவது வாரமே இங்கிருந்து போக மனமில்லாமல் போய்விட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தேன். யாருக்கு எந்தப் பெட்டி சங்காகும் என்று நூல் பிடித்து அளந்தோம். ஓட்டிஸ் அளக்காமலே வாழைப்பழப் பெட்டிக்குள் புகுந்து மாட்டிக்கொண்டான். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் கத்தினான்.

"வெட்டாதீங்க மிஸ் டாம்! இது என் வீடு!"

செவ்வாய்க்கிழமை தட்டுகளில் கடல் மணல். மணலுக்குள் சங்கு தேடி, சிறியது முதல் பெரியதுவரை அடுக்கினார்கள். ரேலீன் காபிக் கோப்பையுடன் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார்.

புதன்கிழமை டல்சி தொப்பி இல்லாமல் வந்தாள்.

தொப்பி இல்லையென்றால் வெளியே விளையாட்டு இல்லை. இங்கே, ஆஸ்திரேலியாவின் வெயில் கொளுத்தும் வடக்குக் குவீன்ஸ்லாந்தில், அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றவர்கள் வெயிலில் ஓடும்போது, மறந்தவர் வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். பள்ளியின் உபரித் தொப்பிகளை அன்று காலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தோம். காய்ந்ததாக இருந்தது பெரியவர்களுக்கான ஒரு வைக்கோல் தொப்பி மட்டும். அதை டல்சிக்கு வைத்தேன். முகவாய்வரை இறங்கியது.

"இருட்டிடுச்சு," என்றாள் உள்ளேயிருந்து.

அப்போதுதான் புத்தகத்தில் இல்லாத ஒன்று ஞாபகம் வந்தது.

"நிஜ நண்டுங்க என்ன பண்ணும் தெரியுமா?" என்றேன். "கரையில ஒரு பெரிய காலிச் சங்கு கிடைச்சா, எல்லா நண்டும் பெரிசுலேருந்து சின்னது வரைக்கும் வரிசையா நிக்கும். பெரிய நண்டு அந்தச் சங்குக்குள்ள போயிடும். அதோட பழைய சங்கு அடுத்த நண்டுக்கு. அதோடது அதுக்கு அடுத்ததுக்கு. கடைசியா இருக்கற குட்டி நண்டுக்கும் ஒரு வீடு கிடைச்சுடும்."

ஓட்டிஸ் வைக்கோல் தொப்பியைப் பார்த்தான். டல்சியைப் பார்த்தான். பிறகு ரேலீனைப் பார்த்தான்.

"அவங்கதான் பெரிய நண்டு!"

"கொழுப்பாடா உனக்கு," என்றார் ரேலீன். ஆனால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து வரிசையின் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஓட்டிஸ், அப்படியே குறைந்துகொண்டே போய்க் கடைசியில் டல்சி. யார் யாரைவிட உயரம் என்று தீர்மானிக்கவே கால் மணி நேரம் ஆனது. ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் வைக்கோல் தொப்பி ரேலீன் தலைக்குப் போக, மற்ற பதினைந்து தொப்பிகளும் ஒரே நேரத்தில் ஒரு தலை பின்னால் நகர்ந்தன. வாத்துப் படம் போட்ட குட்டித் தொப்பி டல்சிக்கு வந்தது. பொருத்தமாக உட்கார்ந்தது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் மணலை நோக்கி ஓடினாள்.

"மறுபடியும்!" என்றார்கள் மற்றவர்கள். டல்சியையும் இழுத்துவந்து ஆறு முறை ஆடினோம். வைக்கோல் தொப்பிக்குக் கீழே ரேலீன் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளிக்கிழமையைப் பற்றி எனக்கிருந்த பயம் அன்று போய்விட்டது.

வியாழக்கிழமை காலை, தலை ஈரமாக இருந்த ஓட்டிஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அம்மா வாசலில் நின்றார்.

"இவன் தலையில பேன். ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பமே நடத்துது. கழுவிச் சீவிட்டேன். மத்தவங்களையும் பாத்துடுங்க."

ரேலீன் சுவரைப் பார்த்தார். அவர் கையாலேயே எழுதி ஒட்டிய விதிகளில் நான்காவது: ஒருவர் தொப்பியை இன்னொருவர் போடக் கூடாது. நான் தினமும் அதன் கீழேதான் பையை மாட்டுவேன். ரேலீனின் விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்தது.

"போன் பண்ணு," என்றார். "மத்த பதிமூணு வீட்டுக்கும்."

"எழுதி அனுப்பிடட்டுமா? விவரமா, தெளிவா..."

"போன், டாம்சின். நீ ஆடவிட்ட ஆட்டம், நீயே சொல்லு."

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். முதல் எண்ணை அழுத்தும்போது யாரும் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே டல்சியின் அப்பா எடுத்துவிட்டார். தாளைப் பார்த்து ஒரே மூச்சில் படித்தேன். பேன் இருக்கிறது, நேற்று தொப்பி மாற்றி விளையாடவைத்தது நான்தான், தவறு என்னுடையது.

"ஓ, அந்த நண்டு வரிசையா! நேத்து சாயங்காலம் டல்சி எங்க எல்லாரையும் நிக்கவெச்சு செருப்பு மாத்தவெச்சா. கடைசியில நாய்க்கும் ஒண்ணு மாட்டியாச்சு."

எல்லோரும் அப்படி இல்லை. ஆறாவது வீட்டில் ஒரு அம்மா வெடித்தார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு பேருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. வேலையிலேருந்து வந்து யாரு உக்காந்து சீவறது? நீ வரியா?"

"வரேன்," என்றேன். அது தாளில் இல்லாத வார்த்தை.

"சும்மா கோவத்துல கேட்டேன். வேண்டாம், விடு," என்று வைத்துவிட்டார். நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏழாவது எண்ணை அழுத்தினேன்.

பதினோராவது வீட்டில் எடுத்தவர் செவிலியர். "தொப்பியிலேருந்தா?" என்றார். "பேன் தொப்பியில அவ்வளவா ஏறாதே. தலையும் தலையும் ஒட்டினாத்தான் தாவும். அதுவும் நேத்து ஏறினது இன்னைக்குள்ள குடும்பமாயிடுமா?"

எனக்கும் அது தெரியும். காலையிலிருந்தே தெரியும். சாக்கு சொல்வதாகத் தோன்றுமே என்று வாயைத் திறக்கவில்லை.

"அப்படித் தலையை ஒட்டிக்கிட்டு என்னதான் பண்றாங்க உங்க குழந்தைங்க?"

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். பதினான்கு தலைகள் நண்டுப் புத்தகத்தின்மேல் குவிந்திருந்தன. இடைவெளியே இல்லை. மூன்று வாரமாக அப்படித்தான் உட்காரவைத்திருந்தேன். நடுவில் என் தலையும்.

மாலையில் ரேலீன் வராந்தாவில், குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால்கள் மார்பை இடிக்க உட்கார்ந்திருந்தார். பேன் சீவுவதற்காகத் தலை முழுக்க வெள்ளை வெளேரென்று கண்டிஷனர். பேன் சீப்பை என் கையில் கொடுத்தார். நான் வகிடு பிரித்துச் சீவி, சீப்பைத் தாளில் துடைத்துக்கொண்டே வந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்வது சுலபமாக இருந்தது.

"ரேலீன், தொப்பியால வந்தது கொஞ்சமாத்தான் இருக்கும். நான் படிக்கும்போது எல்லாரையும் ஒரே புத்தகத்துமேல குவிய விட்டுட்டேன். மூணு வாரமா ஏறியிருக்கு."

"அப்போ தப்பு இன்னும் பெரிசு."

"ஆமா. தலையை ஆட்டாதீங்க."

குழந்தைகளிடம் பேசும் குரலில் வந்துவிட்டது. அவர் அசையாமல் உட்கார்ந்தார்.

"எல்லாரும் எடுத்தாங்களா?"

"பதிமூணு பேரும்."

"திட்டினாங்களா?"

"ரெண்டு பேர்."

"அழுதியா?"

"முதல் ஆளுக்கப்புறம் கொஞ்சம். ரெண்டாவது ஆள் திட்டும்போது அழுகை வரல."

சீப்பில் ஒன்று அகப்பட்டது. தாளில் துடைத்தேன். ஆறு காலாலும் நடந்துபோனது.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு இழுக்கணும்," என்றார் ரேலீன். "அடுத்த பருவத்துக்கும் நீ வந்துடு. பெரிய படம் போட்ட புத்தகமா வாங்கித் தரேன். ஆளுக்கு ஒரு கை தூரத்துல உக்காரவெச்சுப் படி."

அதே இடத்தை மறுபடியும் சீவினேன்.

"அங்கயேதான் சீவிட்டிருக்க. போதும், எழுந்திருக்கறேன்," என்று என் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டார். நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உக்காரு. உன் தலையில எத்தனை இருக்குன்னு நான் பாக்கறேன்."

உட்கார்ந்தேன். கண்டிஷனர் கழுத்தில் வழிந்து ஜில்லென்றது.

"ஐயோ," என்றார் ரேலீன் எனக்குப் பின்னால், மகிழ்ச்சியோடு. "உன்கிட்ட என்னைவிட ஜாஸ்திடி."