பேரு ஒண்ணுதானே

ஆவடி கல்லறைத் தோட்டத்தில் என் பெயரில் ஒரு சிலுவை இருக்கிறது. ஜாஸ்லின், ஜெயபால் - ஜெயசீலி மகள், எட்டு மாதம். எனக்கு முன்னால் பிறந்து இறந்துபோன குழந்தை. அடுத்து நான் பிறந்ததும், போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று அம்மா அதே பெயரை எனக்கும் வைத்துவிட்டாள்.

வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, அங்கே மெழுகுவத்தி ஏற்றப் போவோம். மழை விட்ட மண்ணில் எல்லாமே அரைத் தூக்கத்தில் பார்ப்பதுபோல இருக்கும். தூரத்தில் அரக்கோணம் ரயில் போகும். மண்ணுக்குள் படுத்திருப்பது நான், மேலே செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பது வேறு யாரோ என்று தோன்றும். பயமெல்லாம் கிடையாது. ஒரு சோம்பலான நிம்மதி. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் கிடந்தது. சேர்க்க வேண்டுமென்றால் நகராட்சிக்கு நாலு நடை அலைய வேண்டும். பீரோவில் பெயரோடு இன்னொன்று, போனவளுடையது, இருந்தது. "பேரு ஒண்ணுதானே" என்று அப்பா அதைக் கொடுத்துவிட்டார், மகராசன். அதிலிருந்து ஆதார் வரைக்கும் எல்லாவற்றிலும் அவள் பிறந்த தேதிதான். ஆகஸ்டில் பிறந்த நான் மார்ச்சில் கேக் வெட்டினேன். வெட்டும்போது அம்மா என்னைப் பார்க்க மாட்டாள். என் வழியாக வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது மண்ணூர்பேட்டை ஆன்சனோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வரும் ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க அம்மாவும் நானும் கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தங்கராஜிடம் போனோம். அவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"ரெண்டு ஜாஸ்லின் கீதே" என்றார். "ஒண்ணு ரெண்டாயிரம், இன்னொண்ணு அடுத்த வருஷம். ஆதாரைக் குடும்மா." வாங்கிப் பார்த்தார். "அப்போ மொத ஆளு. அதையே எழுதிடுறேன்."

"அதையே எழுதுங்கண்ணே" என்றாள் அம்மா. "எல்லாப் பேப்பரும் அப்டிதான் கீது."

அவர் பேனாவைத் திறந்தார். அறை மெல்ல மிதப்பதுபோல இருந்தது. ஆன்சன் யாருக்குத் தாலி கட்டப் போகிறான்? மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். ஆட்சேபணை எனக்கே இருந்தது.

"எழுதாதீங்க" என்றேன். "அது என்னோடது இல்ல. எங்க அக்காவோடது."

அக்கா. இருபத்துநாலு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அக்கா ஒரு பக்கம் போய் நின்றாள், நான் ஒரு பக்கம் நின்றேன்.

"இன்னாடி பேசுற?" என்றாள் அம்மா. "ஆதாரு, சர்டிபிகேட்டு அல்லாத்தையும் மாத்தணும். ஓலை தள்ளிப்போவும். மாப்ள ஊட்ல இன்னா சொல்லுவாங்க?"

"தள்ளிப்போவட்டும். அவ செத்துட்டாம்மா. நான் சாவல."

உபதேசியார் பேனாவை மூடிவிட்டு வெளியே போனார். அம்மா பதிவேட்டில் முதல் பெயரின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் துடைக்கவில்லை.

"நர்சம்மா உன்னைக் கொண்டாந்து பக்கத்துல போட்டாங்க" என்றாள். "பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி, நீ அவ இல்லன்னு. மூஞ்சத் திருப்பிக்கினேன். ஒரு நாளு பூரா ஒனக்குப் பால் குடுக்கல."

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு மட்டுமே நடந்ததாக அம்மா சொன்ன முதல் விஷயம் அதுதான். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்புறம் இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டேன்.