பதினான்கு துண்டுப் பட்டியல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பெருமாயி தன் புருஷனைப் பட்டியலில் தேடிய கதையைச் சொல்கிறேன். நெஞ்சு கனக்கும், ஆனாலும் பாதியில் எழுந்து போகாதீர்கள்.

குஜராத்தில் பூமி அதிர்ந்த வருஷம் அது. பெருமாயியின் புருஷன் சென்றாயன், கிணற்றுக்குப் போர் போடும் லாரியில் வேலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். நாலு பேராகப் போனதில் மற்ற மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். "நாங்க டீ குடிக்கப் போயிருந்தோமுங்க. அவன் ரூம்புல படுத்திருந்தான்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

பதினைந்து நாள் கழித்து லாரிக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் ஒரு பிளாப்பியைக் கொடுத்தனுப்பினார். எந்த ஆஸ்பத்திரியில் யார் கிடக்கிறார்கள் என்று யாரோ புண்ணியவான்கள் அடித்த பட்டியல். பேர், வயது, எங்கே அடி, எந்த ஆஸ்பத்திரி என்று இங்கிலீஷில் பதினாலாயிரம் வரி. ஆட்கள் வந்து சேர்ந்த வரிசைதான், அகரவரிசை கிடையாது.

மலைமேல் அரியூர் நாடு என்கிற எங்கள் ஊர்களில் அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவள் கலைமணி ஒருத்திதான். கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் பழசென்று கழித்துப் போட்டதை வாங்கிவந்து, வீட்டில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்க மனுவுக்கு அது போதும். இந்தப் பட்டியலைத் திறந்ததும் 'இடமில்லை' என்று காட்டி நின்றுவிட்டது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தவள், கடைசியில் பட்டியலைச் சரிசமமாகப் பதினான்கு துண்டாக வெட்ட வைத்து, ஒவ்வொரு துண்டாக ஏற்றிப் பேரைத் தேடினாள். துண்டுக்கு அரைமணி நேரம் ஆனது.

பெருமாயி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "ஏங் கலை, இதென்ன எருமையாட்டம் அசை போடுது?"

"வயசான மிஷினுங்க அக்கா. ஒரேயடியா ஊட்டுனா முழுங்காது."

"எங்க மாமனாராட்டம்" என்றாள் பெருமாயி. அந்த மாசத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பதினான்கும் முடிந்தது. பேர் இல்லை. நாலு விதமாக எழுத்தை மாற்றிப் போட்டும் இல்லை.

"ஆஸ்பத்திரியில இல்லீன்னா மண்ணுக்குள்ளதான் சாமி. வெள்ளிக்கிழம காரியம் பண்ணிப்போடலாம்" என்றார் மாமனார் கருப்பண்ணன். கலைமணி சொன்ன 'இல்லை'யை வைத்துத்தானே ஒருத்தியின் தாலியை இறக்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை அவள் பெருமாயியைப் பார்க்கக் காட்டுக்குப் போனாள். துக்கமென்றாலும் நடவுக் குச்சி காத்திருக்காது, காய்ந்துபோகும். பெருமாயி குச்சிக்கிழங்குக் குச்சியை, மரவள்ளிதான், சாண் சாணாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டுக் கண்ணாயி கத்தினாள்:

"ஏம்புள்ள, அளந்துட்டே போறயே, கணு எங்கிருக்குதுன்னு பாக்க மாட்டயா? மொளைக்கிற எடத்துலயே கத்தி வுழுந்தா, இந்தத் துண்டுலயும் மொளைக்காது, அந்தத் துண்டுலயும் மொளைக்காது!"

கலைமணி நின்ற இடத்திலேயே நின்றாள். நானும் அளந்துதானே வெட்டினேன்? ஒரு வரி எங்கே முடிகிறதென்று அந்த மிஷினுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு ஓடினாள். கரண்ட் இருந்தது, அந்த மட்டும் தெய்வம். ஒவ்வொரு துண்டின் கடைசியையும் அடுத்த துண்டின் தலையையும் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒருத்தருக்கு வயது அறுந்திருந்தது, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி. ஒன்பதாம் துண்டு இங்கிலீஷ் எழுத்தில் 'சென்றா' என்று முடிந்தது. பத்தாம் துண்டு 'யன், முப்பத்திநாலு, வலது கால்' என்று ஆரம்பித்தது. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பேர்.

அவள் போய் நின்றபோது கருப்பண்ணன் காரியத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கறாருங்க பெரியப்பா! நான் வெட்டுனதுல பேரு நடுவுல அறுந்துபோச்சுங்க."

அவர் மூட்டையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பெருமாயி காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் வெகுநேரம் பார்த்தாள்.

"நாலு நாளா அவிங்கள ரெண்டா வெட்டியா கண்ணு வெச்சிருந்தே?"

கலைமணி காகிதத்தில் விரல் வைத்து, பேர், வயது, வலது கால், ஆஸ்பத்திரி என்று படித்துக் காட்டினாள்.

"வலது காலுன்னா? அடியா, இல்ல காலே போச்சா?"

"அவ்வளவுதானுங்க அக்கா போட்டிருக்குது."

"இது என்னைக்கு எழுதுனது?"

"பத்து நாளாச்சுங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனாரும் மருமகளும் மலை இறங்கினார்கள். பஸ் வளைவில் மறைந்த பிறகும் கலைமணி ரோட்டோரத்திலேயே நின்றாள்.

பங்குனிக் கடைசியில் சென்றாயன் வந்தான். வலது கால் இல்லை. இரண்டு கட்டையை ஊன்றி, நேரே கலைமணி வீட்டுக்குத்தான் போனான்.

"பேர ஒட்டவெச்சியே புள்ள, இந்தக் காலையும் ஒட்டவெக்கிறயா?" என்று கேலி பண்ணினான். அவள் அழுதுவிட்டாள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போனவர்கள் எல்லாரும் போனபடியே முழுசாக வந்து சேரட்டும். உங்கள் வாசலில் நின்று யார் பேரைக் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து "இதோ வாரேன்" என்று குரல் வரட்டும்.