புனிதனின் பந்து தரைக்கு வராத ஆண்டு

போன ஆண்டு பிப்ரவரியில், சிரம்பானில் நடந்த பருவத்தின் முதல் கோல்ஃப் போட்டியில் புனிதன் அடித்த பந்து கீழே விழவில்லை. இருநூற்று எழுபது கெஜம் பறந்தது, மற்ற பந்துகளைப் போலவே இறங்கியது, தரைக்கு ஒன்பது அடி இருக்கும்போது அந்தரத்தில் நின்றுவிட்டது. அன்று கோழி கிலோ ஒன்பது வெள்ளி ஐம்பது காசு, காலையில் லேசான தூறல். புனிதன் பந்துக்கு அடியில் போய் நின்று எம்பிக் குதித்து மட்டையை வீசினான். எட்டவில்லை. நாலு முறை வீசியதற்கு நாலு அடி என்று எழுதிக்கொண்டார்கள்; குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறவனுக்குத்தான் கோல்ஃபில் வெற்றி. மார்ச்சில் நடந்த இரண்டு போட்டிகளிலும் இதே கூத்துதான். பருவத்துக்குப் பதினோரு போட்டிகள். முடிவில் பட்டியலின் முதல் முப்பது பேருக்கு மட்டுமே அடுத்த ஆண்டு ஆட அனுமதி அட்டை கிடைக்கும். புனிதன் லோரி ஓட்டிக்கொண்டே ஒன்பது வருடம் முட்டி மோதி அந்த அட்டையை வாங்கியவன். வயது முப்பத்திரண்டு. இந்த முறை கைவிட்டுப் போனால் மறுபடி லோரிதான் என்று அவனுக்குத் தெரியும். அவன் எண்பத்தெட்டாவது இடத்தில் இருந்தான். பட்டியலில் இருந்ததே எண்பத்தெட்டுப் பேர்தான்.

காரணம் தெரிய ஏப்ரல் ஆயிற்று. அவன் தாயார் பெயர் பஞ்சாலை. லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் பால்மரம் சீவியவர், இப்போது மகனோடு அம்பாங்கானில் இருப்பவர். கோல்ஃப் ஆட்டத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்து லயவீடுகளுக்கு முன்னால் ஆடிய பூப்பந்தும், காலால் பந்து தட்டும் செப்பாக் தக்ராவும்தான். இரண்டிலும் தரையில் விழவிட்டவன் தோற்றான். ஆகவே ஜனவரியில் பழைய தோட்டத்து முனியாண்டிக்கு எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்து, பருவம் முடிகிறவரை என் பிள்ளை அடிக்கிற பந்து தரையில் விழக்கூடாது சாமி, சேவல் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அந்த முனியாண்டி கேட்டதைக் கேட்டபடியே கொடுப்பவர், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். முன்பு தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் தன் வீட்டுக் கூரை ஒழுகக்கூடாது என்று வேண்டி, ஏழு வருடம் அந்த ஒரு வீட்டின்மேல் மட்டும் மழையே பெய்யாமல், அவர் கொல்லைக் கத்தரிச் செடிகள் கருகிப்போனதை லிங்கியில் எல்லாரும் அறிவார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததை மகன் சொல்லக் கேட்டு உணர்ந்ததும் பஞ்சாலை அழுதார். பெற்ற கையாலேயே பிள்ளை சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். வைத்த வேண்டுதலை நடுவில் திரும்ப வாங்க முடியாது, அது சாமியைப் பொய்யாக்குவது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எவ்ளோ ஒசரத்துல நிக்குது?”

“ஒன்பதடி இருக்கும்மா.”

“அவ்ளோதானா? நான் பன்னண்டடியில ஏணி வச்சுச் சீவினவ.”

கீழ்ப்பட்டை தீர்ந்த கிழட்டு மரங்களை ஏணி போட்டுத்தான் சீவுவார்கள். மறுநாளே இருவரும் லிங்கிக்குப் போய் அந்தப் பழைய ஏணியைக் கொண்டுவந்தார்கள். தலைமை நடுவர் முஹம்மது ஃபாரூக் கறாரானவர். பந்து எங்கே எப்படி நிற்கிறதோ அங்கேயே அப்படியே அடிக்க வேண்டும் என்பது சட்டம், அதில் அவருக்குக் குழப்பமில்லை. மரத்தில் மாட்டிய பந்தை ஏறி அடிக்கலாம் என்பதும் தெரியும். ஏணிக்காக இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு ஏணியைத் தட்டிப் பார்த்து, “ரப்பர் கட்டைதானே? மரம்னே எழுதிடறேன் லா. ஆனா வெரசா ஏறணும்” என்றார்.

குழி தரையில்லை என்பதால் பந்து குழிக்குள் விழுவதில் முனியாண்டிக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உருட்ட முடியாது. அந்தரத்திலிருந்து நேராகக் குழிக்குள் இறங்க வேண்டும், தவறினால் மறுபடி ஒன்பதடியில் போய் நிற்கும். உருட்டும் மட்டையைப் புனிதன் யாருக்கோ கொடுத்துவிட்டான். தினமும் விடிந்ததும் ஏணியில் இடது முழங்காலைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு முந்நூறு பந்து அடித்தான். பதினான்கு முறை விழுந்தான். மே மாதம் இரண்டு விலா எலும்புகளில் விரிசலோடு கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினான். பஞ்சாலை சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டி, ஏணியைத் தோளில் தூக்கிப் பதினெட்டுக் குழிகளும் நடந்தார், ஏணிக்கால் பதிந்த புல்லைக் காலால் நீவிவிட்டார். மற்றவர்கள் பந்தைச் சிக்கவைக்கும் மணலும் குளமும் அந்தரத்துப் பந்தை ஒன்றும் செய்யவில்லை. பட்டியலில் ஜூனில் எழுபதாவது இடம், ஆகஸ்டில் ஐம்பத்திரண்டு, அக்டோபரில் கெமாஸ் போட்டி முடிந்தபோது முப்பத்து நாலு.

கடைசிப் போட்டி நவம்பரில் லிங்கி அருகே நடந்தது. கடைசிக் குழியில் பந்து நாற்பதடி தள்ளி நின்றது. ஒரே அடியில் இறங்கினால் முப்பதாவது இடம், இல்லாவிட்டால் லோரி. ஆற்றுக்காற்றில் புனிதன் நின்ற ஏணி ஆடியது. அவனுக்குப் பயமாக இருந்தது. பஞ்சாலை ஏணிக்காலில் தோளை முட்டுக்கொடுத்தார்.

“ஏணிய நான் பாத்துக்கறேன். நீ குழியப் பாரு.”

பந்து எங்கும் படாமல் குழிக்குள் போனது. ஃபாரூக் முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சேவல் கொடுத்த மறுநாளிலிருந்து பந்து தரையில் விழத் தொடங்கியது. புனிதன் டிசம்பர் முழுக்க மணலிலிருந்தும் குளக்கரையிலிருந்தும் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஜனவரியில் பஞ்சாலை எலுமிச்சம்பழமும் சுருட்டும் வாங்கி வைத்தார். இப்போது ஆட்டம் அவருக்கு அத்துப்படி. இந்த வருடம் பிசகாமல் கேட்கிறேன், என்ன கேட்பது என்று நீயே சொல் என்று மகனிடம் கேட்டார்.

புனிதன் விலாவைத் தடவிக்கொண்டான். “போன வருசம் கேட்டதையே கேளுங்கம்மா.”

பிப்ரவரியில் சிரம்பானில் அவன் அடித்த முதல் பந்து ஒன்பது அடியில் நின்றது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பஞ்சாலை ஏணியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.