அண்ணனின் மூன்றாவது பிள்ளை

என் அண்ணன் தேவேந்திரன் மண்டலத் துணைத் தலைவர் ஆவதற்குத் தகுதியானவனா என்று என்னைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. சித்தூரிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா கேட்டது வேறு கேள்வி. இவருக்கு எத்தனை பிள்ளைகள்?

இது நாலைந்து வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அப்போது ஆந்திராவில் இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சிப் பதவிக்கு வர முடியாது. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் மண்டலத்தில் (தமிழ்நாட்டில் ஒன்றியம் என்பார்கள்) தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. எந்தப் பெண்மணி தலைவரானாலும் ஆளப்போவது வைஸ், அதாவது துணைத் தலைவர்தான் என்று அண்ணன் நினைத்தான். அதே பதவிக்குக் குறி வைத்திருந்த இன்னொரு உறுப்பினன் ஜெயபிரகாஷும் அதையேதான் நினைத்தான். அண்ணன் சாதாரண உறுப்பினராக ஜெயித்தபோது வாய் திறக்காத ஜெயபிரகாஷ், வைஸ் பதவிக்கு அவன் பெயர் அடிபட்டதும் மனு எழுதிப் போட்டுவிட்டான். தேவேந்திரனுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றாவது திருப்பதியில் தங்கச்சி பத்மினி வீட்டில் வளர்கிறது என்று.

மனுவில் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம். அந்தத் தங்கச்சி நான்தான்.

அக்ஷயாவைப் பெற்றவள் வசந்தா அண்ணி. பிறந்த பதினோராம் நாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாக வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. அண்ணி அன்றைக்கு அழவில்லை. அக்ஷயா என்னை அம்மா என்றாள், அவளை அத்தை என்றாள். எட்டு வயசு வரை பிள்ளைக்கு வேறு எதுவும் தெரியாது.

தத்து எழுதிக் கொடு என்று அண்ணனிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! எழுத மாட்டான். பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பர்த் சர்டிபிகேட்டில் தகப்பன் பெயர் தேவேந்திரன். அதை பீரோவில் பூட்டி வைத்திருந்தான். நான் எதற்காவது முறைத்துக்கொண்டால் போதும், "என் பொண்ணை இட்டுக்கினு போயிடுவேன்" என்பான். நைனாவின் நிலத்தில் என் பங்கை நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். கூடப்பிறந்தவன் செய்கிற வேலையா இது? அடுப்படியில் நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் எதிரில் நின்றால் மட்டும் எனக்கு வாய் வராது.

விசாரணைக்கு முந்தின நாள் அவனே திருப்பதிக்கு வந்தான். அக்ஷயா பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான். நான் காபிகூடக் கொடுக்கவில்லை. ஸ்கூலிலும் ஆதாரிலும் உன் பெயர்தான் இருக்கிறது, சர்டிபிகேட் ஒன்று இருப்பது ஜெயபிரகாஷுக்குத் தெரியாது, பெற்றது நான்தான் என்று அதிகாரியிடம் சொல், நாளைக்கே சர்டிபிகேட்டை உன் கையில் கொடுத்துவிடுகிறேன், கிழித்துப் போடு என்றான். மாட்டேன் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

என் வீட்டுக்காரர் மணிவேல் ஸ்ரீசிட்டி பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் ஜெயிலாமே என்று பயந்தார். போனால் போகிறேன், பிள்ளை நம் வீட்டில் இருந்தால் சரி என்றேன்.

பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மண்டல ஆபீஸில் அக்ஷயாவை மணிவேல் வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டார். உள்ளே அண்ணன், அண்ணி, நான், மூன்று பேரும் அதிகாரியம்மாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அந்த அம்மா குண்டூர்ப் பக்கம், தமிழ் தெரியாது என்று சொன்னார்கள். பேச்செல்லாம் தெலுங்கில்தான்.

முதலில் அண்ணன். எனக்கு இரண்டே பிள்ளைகள், யோகேஷ், பவ்யா, அக்ஷயா என் தங்கச்சி பெற்ற பிள்ளை என்றான். ஒரு நொடி தயங்கவில்லை. எழுதியதை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே? ஆனாலும் பெற்றவன் வாயால் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணியைப் பார்த்தேன். அவள் அவன் கையெழுத்துப் போடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நான். உங்கள் பிள்ளைதானா என்றார். ஆமாம் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்றார். அதை நாங்கள் யாருமே யோசித்து வைக்கவில்லை! வலி திடீரென்று வந்தது, வீட்டிலேயே பிறந்துவிட்டது என்று உளறினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக அண்ணி. அக்ஷயாவைப் பெற்றது நீங்களா என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அண்ணன் இருமினான். அதிகாரியம்மா மறுபடி கேட்டார். அண்ணி முதல் வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்ததில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"நான்தான் பெத்தேன். பத்மினிக்குக் குடுத்ததும் நான்தான். ரெண்டையும் எழுதிக்குங்க."

அண்ணன் சட்டென்று எழுந்தான். இவளுக்கு ரெண்டு வருஷமாக மனசு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெலுங்கில் சொன்னான். மாத்திரையும் இல்லை, மண்ணும் இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில், அந்த அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்னான்.

"இன்னா பார்த்துக்கினு குந்திக்கிற? அண்ணிக்குப் புத்தி சரியில்லன்னு நீயும் சொல்லு. சர்டிபிகேட் கார்லதான் கீது. இப்பவே எடுத்துத் தரேன்."

அதிகாரியம்மா என்னைப் பார்த்து, அவர் சொல்வது நிஜமா என்று தெலுங்கில் கேட்டார்.

மறைப்பானேன், அவன் கேட்டபடியே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் எந்த ராத்திரியும் கார் சத்தம் கேட்டு நான் திடுக்கிட்டு எழ வேண்டியதில்லை. அண்ணி என்னைக் கெஞ்சியிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கெஞ்சவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தவள். அவளைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு நான் எப்படித் தலை பின்னுவேன்?

"அண்ணிக்குப் புத்தி நல்லாத்தான் கீது," என்று தெலுங்கிலேயே சொன்னேன். "நான் சொன்னதுதான் பொய். அவங்க பெத்தாங்க, நான் வளர்க்கிறேன்."

அதிகாரியம்மா பேனாவை மூடினார். அண்ணனைப் பார்த்துச் சுத்தமான தமிழில், "கார்ல இருக்கிற அந்த சர்டிபிகேட்டைக் கொண்டு வாங்க," என்றார்.

அவர் இத்தனை நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவன் அதோடு விடுகிறவனா?

"பதவி போனா போவட்டும். என் பொண்ணை இப்பவே இட்டுக்கினு போறேன்."

வாசலைப் பார்த்து நடந்தான். நான் ஓடிப்போய் வாசலில் குறுக்கே நின்றேன். எட்டு வருஷமாக அவன் எதிரில் வராத வாய் அன்றைக்கு வந்தது.

"எந்தப் பொண்ணு, அண்ணா? எனக்கு ரெண்டே பிள்ளைங்கன்னு இப்பதானே கையெழுத்துப் போட்ட?"

அண்ணியும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், தன் கையெழுத்தோடு மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தான். அப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம். ஜெயபிரகாஷின் ஆட்கள் ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தார்கள். சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், யாராவது பிள்ளையின் காதிலும் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் அவளிடம் நாங்களே சொல்லியாக வேண்டும். யார் சொல்வது என்று அண்ணியைக் கேட்டேன்.

அக்ஷயா எங்களைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"நீ சொல்லு," என்றாள் அண்ணி. "அம்மா நீதானே."