கிப்பரின் மதியச் சாப்பாடு

மூன்று வருடம் பேசாமல் இருந்த நெவில் ஒரு மார்ச் மாதக் காலையில் போன் செய்தபோது நான் கடையில் மீன் பொரிக்க மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. என்னோடு கடையில் வேலை செய்கிற டோரீன்தான் போனை எடுத்து என் காதில் வைத்தாள்.

"லொரேன், நான்தான்."

"தெரியுது. யாரு செத்தா?"

"யாரும் சாகல. கிப்பருக்கு ஒடம்பு சரியில்ல."

கிப்பர் எங்கள் ஃபெரட். கீரிக்கு ஒன்றுவிட்ட தங்கை போல நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், புகைபோட்ட மீனின் நிறம். அந்த மீனின் பெயரையே அதற்கு வைத்தோம். எங்கள் ஊர் சீஹமில் நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஃபெரட் இருந்தது. முயல் வளைக்குள் விட்டால் முயலை வெளியே துரத்திவிடும். நெவிலின் அப்பா வளர்த்தார், நெவிலும் வளர்த்தான். நான் அவனைப் பிரிந்து, முடிவெட்டும் கடைக்கு மேலே இருக்கிற சின்ன வீட்டுக்குப் போனபோது தையல் மெஷினையும் கெட்டிலையும் எடுத்துக்கொண்டேன். வீடு அவனுக்கு என்று ஆயிற்று. ஃபெரட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கிப்பருக்கு அப்போது ஒரு வயது.

மிருக டாக்டர் ஹெதர் சொன்னதை நெவில் போனில் அப்படியே ஒப்பித்தான். குடல் சுவர் வீங்கியிருக்கிறது. இது தீராத நோய், உயிரோடு இருக்கிற வரைக்கும் சமாளிக்கத்தான் வேண்டும். தினமும் கசப்பு மருந்து. கோழியை வேகவைத்து மையாக அரைத்த சூப்பை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பூனில் கொடுக்க வேண்டும். தானாகக் கிண்ணத்தில் வாய் வைக்காது. பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும்.

"காலையில நான் குடுத்துடுவேன். ஆறு மணிக்கு மேல நான் பாத்துப்பேன். மத்தியானம்தான் பஸ்ஸ விட்டுட்டு வர முடியாது" என்றான். அவன் சீஹமுக்கும் சண்டர்லாண்டுக்கும் நடுவில் பஸ் ஓட்டுகிறவன்.

"சாவி?"

"பழைய எடத்துலதான்."

டோரீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "புருஷன் வேணாம்னு வந்தவ, அவன் வீட்டு ஃபெரட்டுக்கு ஆயா வேலைக்குப் போறியா? நல்லா இருக்குடியம்மா நாயம்" என்றாள். ஆனால் மதியக் கூட்டம் முடிந்ததும் அவளே என் ஏப்ரனை அவிழ்த்துவிட்டாள்.

அன்று கடல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வசந்தத்திலும் கோடையிலும் எங்கள் ஊருக்கு அது வழக்கம். கடலிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, துறைமுகத்தைத் தின்று, தெருத்தெருவாக ஏறி வரும். என் பழைய தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு எண்கள்கூடத் தெரியவில்லை. கால்தான் வழி கண்டுபிடித்தது.

கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது. கிப்பர் பழைய சட்டை ஒன்றுக்குள் சுருண்டு கிடந்தது. தூக்கினால் எலும்பும் தோலுமாக இருந்தது. என்னை மோந்து பார்த்தது. நினைவிருந்ததா, கையில் இருந்த மீன் வாசம் பிடித்ததா, தெரியாது. சூப்பை வெதுவெதுப்பாக்கி விரலில் தொட்டு உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு சொட்டு. பிறகு மெதுவாக நாக்கை நீட்டியது. அரைக் கிண்ணம் உள்ளே போக நாற்பது நிமிடம். முடித்ததும் என் கம்பளிச் சட்டையின் கைக்குள் நுழைந்து, முழங்கை மடிப்பில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. நானும் சோபாவில் சாய்ந்தேன்.

அப்படித்தான் அந்த மதியங்கள் ஆரம்பித்தன. ஃபெரட் ஒரு நாளில் முக்கால்வாசி தூங்கும் பிராணி. அந்தத் தூக்கம் தொற்றிக்கொள்ளும். கையோடு ஒட்டிய அந்தச் சின்னச் சூடு, ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லாத வெண்மை, தூரத்தில் கப்பல்களுக்கு ஊதுகிற சங்கு. கண் எப்போது மூடியது என்று தெரியாது. நான் தூங்கினேன் என்றும் சொல்ல முடியாது. மூட்டம் வீட்டுக்குள் வந்திருக்கும். மாடிப்படி வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். கிப்பர் கொழுகொழுவென்று முன்னால் ஓடும், மூக்கால் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். ஒவ்வோர் அறைக்குள்ளும் வேறொரு வருடத்து மதியம். ஒன்றில் நெவில் இளைஞனாக, முதல் ஃபெரட் கடித்த கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு சிரிப்பான். இன்னொன்றில் என் நனைந்த செருப்புகள் மட்டும் கணப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும். எதையும் தொடத் தோன்றாது. வருத்தமும் இருக்காது. கிப்பர் அடுத்த கதவுக்குப் போகும், நானும் போவேன். விழித்தால் மணி நாலாகியிருக்கும்.

நெவிலும் நானும் சந்திக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தான். அதில்தான் பேச்சு. '574 கிராம். பச்சையா போச்சு. மருந்த துப்பிடுச்சு' என்று அவன் எழுதுவான். '569. அரைக் கிண்ணம். பல்ல நறநறன்னு கடிக்குது, வயித்த வலி போல' என்று நான் எழுதுவேன். '581. இன்னிக்கு கெட்டியா போச்சு' என்று ஒரு நாள் அவன் எழுதியதைப் படித்து, பரீட்சையில் பாஸான மாதிரி டோரீனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எது கெட்டியா போச்சு?" என்றாள் அவள், கையில் சாண்ட்விச்சோடு.

"ஃபெரட்டுக்கு."

"சாப்பிடுறேன்டி."

ஏப்ரலில் ஒரு நாள் தாளில் இப்படி இருந்தது: '590. சோபா மேல கம்பளி வெச்சிருக்கேன். படுத்தா குளிராது.' எனக்கு முகம் சூடாகிவிட்டது. தலையணைப் பள்ளத்தை நான் ஒருநாளும் தட்டிச் சரிசெய்ததில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டேன்.

வியாழக்கிழமைகளில் அவனுக்கு ஷிஃப்ட் சீக்கிரம் முடியும். இரண்டரைக்கே வந்துவிடுவான். அதனால் வியாழன்தோறும் இரண்டேகாலுக்கு நான் கிளம்பிவிடுவேன். மே மாதத்து வியாழன் ஒன்றில் கடையில் கூட்டம் விடவில்லை, நான் போய்ச் சேர்ந்ததே இரண்டு இருபதுக்குத்தான்.

உள்ளே போனபோது கிப்பர் கூண்டுக்கு வெளியே, ஜன்னலடியில் நீட்டிப் படுத்திருந்தது. தூக்கினேன். தலை தொங்கியது. கால்கள் தொங்கின. ஃபெரட்டுகள் சில நேரம் செத்தது போலத் தூங்கும். இருபத்தைந்து வருடம் அவற்றோடு இருந்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் இது நோயாளி. உடம்பு ஜில்லென்று இருந்தது. மூக்கில் ஊதினேன். பாதத்தைக் கிள்ளினேன். பல் ஈறில் தேன் தடவினேன். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சில் காதை வைத்தால், என் இதயம் அடிப்பதுதான் கேட்டது. போனைத் தேடிப் பையைக் கொட்டியபோதே வாசலில் கார் வந்து நின்ற சத்தம்.

நெவில் யூனிஃபார்மோடு உள்ளே வந்தான். முடி நன்றாக நரைத்திருந்தது. என் மடியைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து, கிப்பரின் வாலை மட்டும் விரல்களுக்கிடையில் எடுத்துத் தடவினான்.

"எத்தன நேரமாச்சு?"

"வந்தப்பவே இப்படித்தான். பத்து நிமிஷம் இருக்கும்."

"காலையில நல்லாத்தான் சாப்பிட்டா."

வெளியே மூட்டம் வீட்டைச் சுற்றி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் உலகத்தில் வேறு யாருமே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்படித்தான் தோன்றியது. அவன் வாலைத் தடவிக்கொண்டே பேசினான். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"அப்பல்லாம் வேல முடிஞ்சு வந்து, வாசல்ல கார்லயே உக்காந்திருப்பேன். ஒரு மணி நேரம்கூட. உம்மேல கோவம்னு இல்ல புள்ள. நாள் பூரா ஆளுங்க ஏறி எறங்கி ஏறி எறங்கி... யாரும் எதுவும் கேக்காத ஒரு எடம் வேணும்னு இருந்துச்சு."

"தெரியும். மாடி ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டு நிப்பேன். நீ ரேடியோவ நிறுத்தினாத்தான் கெட்டில போடுவேன்."

"எறங்கி வந்து கண்ணாடிய தட்டியிருக்கலாம்ல."

"நீ எறங்கி வந்திருக்கலாம்ல."

அவன் தலையாட்டினான். அழுகிறான் என்று அவன் மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது. நான் அவன் தோளில் கை வைக்கப் போனேன். அப்போது என் மடியில் ஏதோ அசைந்தது. கிப்பர் முன்கால்களை நீட்டி, முதுகை வளைத்து, தொண்டைவரை தெரிகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டது. பிறகு ஈறில் இருந்த தேனை நக்கத் தொடங்கியது.

"கழுத" என்றான் நெவில்.

எனக்குச் சிரிப்பு வந்து, நிறுத்த முடியாமல் விக்கல் எடுத்தது. அவனும் யூனிஃபார்ம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கிப்பர் அன்று முக்கால் கிண்ணம் சாப்பிட்டது. மீதி சூப்பு அடுப்பில் நிறைய இருந்தது. அவன் அதில் உப்பும் மிளகும் போட்டு இரண்டு கிண்ணத்தில் ஊற்றினான். உட்கார்ந்து குடித்தோம். சுமாராகத்தான் இருந்தது. பழையபடி சேர்ந்து இருக்கலாமா என்று அவன் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் சின்ன வீட்டின் காலை வெளிச்சம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஆனால் வியாழக்கிழமைகளில் இரண்டேகாலுக்குக் கிளம்புவதை விட்டுவிட்டேன்.

ஜூலையில் மருந்து வாங்க நான் போயிருந்தேன். ஹெதர் பாட்டிலை நீட்டியபடி, "எப்படி, தானா சாப்பிடறாளா?" என்றாள்.

"எங்க? ஸ்பூன்லதான்."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்படியா? பிஸ்கட்ட ஊற வெச்சு வெச்சா கிண்ணம் காலியாயிடுதுன்னு நெவில் போன மாசமே சொன்னாரே. மத்தியானம் ஆள் வேணாம்னு அப்பவே சொல்லிட்டேனே."

அன்று மதியம் சமையலறையில் தேடினேன். ரொட்டி டப்பாவுக்குப் பின்னால், துணி போட்டு மூடி, ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அடியில் ஊறின பிஸ்கட் ஒட்டிக் காய்ந்திருந்தது. காலையில் அதில் சாப்பாடு வைத்து, வேலைக்குப் போகுமுன் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறான். ஐம்பத்தெட்டு வயது ஆள். கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சூப்பைச் சூடாக்கினேன். அது வியாழக்கிழமை. இரண்டரைக்கு அவன் வந்தபோது கிப்பர் என் மடியில் ஸ்பூனைக் கவ்விக்கொண்டிருந்தது.

"ஹெதரைப் பாத்தேன்" என்றேன்.

அவன் ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இப்ப சொல்லு."

"இனிமே மத்தியானம் நீ வரணும்னு கட்டாயம் இல்ல."

"சரி" என்றேன்.

கிப்பர் அதற்குப் பிறகு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. நடுவில் இரண்டு முறை மோசமானது, இரண்டு முறையும் தேறியது. கடைசியில் ஹெதரின் மேஜையில், எங்கள் இரண்டு பேரின் கைகளுக்கும் நடுவில்தான் போனது. அது பிறகு வந்த கதை.

ஹெதரைப் பார்த்ததற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, கட்டாயம் இல்லாத முதல் நாள், மதியக் கூட்டம் முடிந்ததும் நான் என்ன செய்வது என்று தெரியாமல் துறைமுகம்வரை நடந்தேன். கடலிலிருந்து மூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. திரும்பி நடந்தேன். நெவிலின் வீட்டுக்குள் போனபோது கிண்ணம் தரையில் இருந்தது, காலியாக. கிப்பர் வயிறு நிறைந்து, சோபாவின் ஓரத்தில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் படுத்தேன்.